எறிய முடியாமல் போன மூட்டைகள்

2018 ஆம் ஆண்டு கார்த்திகையில் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற எங்கள் வத்தை, எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் இடைப்பட்ட கடலில், கரையிலுள்ள பனைகளை ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய தூரத்தில் மூழ்கியது. அதில் இருந்த நால்வரும் உயிர் தப்பினோம். படகும், அதில் ஏற்றியிருந்த ஐந்தரைத் தொன் சரக்கும் போயின. இவ்வளவு காலமும் இதை எழுதாமல் இருந்ததற்கு வெட்கம் ஒரு காரணம். அண்மையில், புதிதாகச் சரக்குப் படகு வாங்கிய இரண்டு இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்து, அன்று என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லும்படி கேட்டார்கள். இரண்டு மாலைகள் இருந்து சொன்னேன். சொல்லி முடித்தபோது, இது எங்கள் மூவருக்குள் மட்டும் கிடக்க வேண்டிய விடயம் அல்ல என்று எனக்குப் பட்டது.

மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு ஆகியவற்றுக்குத் தாம்போதிகள், அதாவது கடலை ஊடறுத்துப் போடப்பட்ட தெருக்கள், உண்டு. லொறி வாசல் வரை போகும். அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குச் சீமெந்து முதல் தீப்பெட்டி வரை அனைத்தும் கடல் வழியாகவே போக வேண்டும். எங்கள் படகு முப்பதடி நீளமும் ஒன்பதடி அகலமும் கொண்ட மரப் படகு. விலா மரங்களான வங்குகள் வேம்பு, அடி தட்டை, மேல்தட்டு இல்லை. வீட்டில் எல்லோரும் அதை வத்தை என்றே சொல்வோம். டீசல் இயந்திரம் பூட்டிய பிறகும் பழைய பாய்மரத்தை ஐயா கழற்றவில்லை. கப்பி கட்டிப் பாரம் தூக்க அது உதவியது. தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பல இடங்களில் இரண்டு மூன்று ஆள் ஆழத்துக்கு மேற்படாதது என்பதால், தட்டை அடிப் படகு அங்கே வசதியானது. கரைக்கு நெருங்கிப் போகும்; தரை தட்டினாலும் சாயாமல் இருக்கும். அதே தட்டை அடி எந்த நேரத்தில் ஆளைக் கைவிடும் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன்.

அந்த ஆண்டு நவம்பர் 16 ஆம் திகதி அதிகாலையில் கஜா புயல் நாகபட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியது. எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னும் பின்னும் பல நாட்கள் சரக்குப் படகுகள் ஓடவில்லை. அந்த இடைவெளியில் தீவுக் கடைகளில் மா முடிந்தது, எரிவாயு முடிந்தது, பாதியில் நின்ற வீடுகளுக்குச் சீமெந்து தேவைப்பட்டது. இவற்றோடு, அனலைதீவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போக வேண்டிய மர அலுமாரியும் துறையில் காத்துக் கிடந்தது. மார்கழி பிறந்தால் கலியாணம் இல்லை என்பதால், பெண்ணின் தகப்பனார் நாளொன்றுக்கு இரண்டு தரம் எனக்குத் தொலைபேசி எடுத்தார். கடல் திறந்த முதல் நாளிலேயே எல்லோருடைய பொருளையும் ஏற்றிவிட வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். படகுக்கு உரிமையாளன் நான். தண்டயல், அதாவது படகை ஓட்டுபவர், என் மாமா. என்ன ஏற்றுவது என்பதை நானும், எப்படி ஓட்டுவது என்பதை அவரும் தீர்மானிப்பது எங்கள் வழக்கம். இந்தப் பிரிவினை எவ்வளவு பிழையானது என்பதை எங்களில் யாரும் அதுவரை யோசித்ததில்லை.

வழமையாக நாங்கள் ஏற்றுவது நான்கு தொன். அன்று 50 கிலோ சீமெந்துப் பைகள் 60, அரிசி, மா, சீனி மூட்டைகள், வெங்காயம், பன்னிரண்டு எரிவாயு சிலிண்டர்கள், ஒரு கட்டுக் கூரைத் தகரம், அலுமாரி என்று எல்லாமாக ஐந்தரைத் தொன் வந்தது. லொறி பின்பக்கமாக வந்து நின்ற இடம் படகின் கடையாருக்கு, அதாவது பின்முனைக்கு, நேராக இருந்தது. சுமை இறக்கியவர்களுக்கு எட்டிய இடம் அதுவே. ஆகவே அறுபது பைகளில் நாற்பதுக்கு மேல் நடுவிலிருந்து பின்பக்கமாகவே அடுக்கப்பட்டன. மாமா வந்து விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே கையை விரித்து வைத்துப் பார்த்தார். வழமையில் இரண்டு சாண் இருக்கும். அன்று ஒரு சாணும் நாலு விரலும்.

"தம்பி, கடையார் தாழ்ந்து கிடக்குது, பாத்தனியோ?" என்று கேட்டார்.

"பாத்தன் மாமா. இண்டைக்கு மட்டும்தானே. நாளையில இருந்து பழையபடி ஏத்துவம்," என்றேன்.

அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. பொருள் என்னுடைய பொறுப்பு என்று அவர் விட்டுவிட்டார்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். எங்கள் படகின் அளவுக்கு ஒரு தொன் கூடுதலாக ஏறினால் படகு முழுவதும் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் தாழும். ஒன்றரைத் தொன்னுக்கு 8 சென்ரிமீற்றர். அது பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால் பாரம் பின்பக்கம் குவிந்திருந்தபடியால் முன்முனையான அணியம் நிமிர்ந்து கடையார் மேலும் அவ்வளவு தாழ்ந்தது. கடையாரில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைத் துறையில் நிற்கும்போதே இழந்துவிட்டோம். பின்னாலிருந்து காற்று வீசும் பருவத்தில், படகின் மிகத் தாழ்ந்த இடத்தை அலைக்குக் காட்டிக்கொண்டு போனோம்.

வானிலை அறிவிப்பை நான் கேட்காமல் போகவில்லை. காலையில் வானொலியில், புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில் வடகிழக்குத் திசையிலிருந்து மணித்தியாலத்துக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசும் என்றும், மழை பெய்யும் வேளைகளில் காற்றின் வேகம் தற்காலிகமாக 70 வரை அதிகரிக்கலாம் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது வசனம் மழைக்காலம் முழுவதும் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் வருவது. கேட்டுக் கேட்டுக் காது அதை விட்டுவிடுகிறது. நான் 35 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 35 க்குப் பழகிய படகோட்டிக்கு 70 என்பது இரட்டிப்புக் காற்று அல்ல, நான்கு பேர் சேர்ந்து தள்ளுகிற காற்று. சரக்குப் படகு வைத்திருப்பவர்கள் அறிவிப்பின் முதல் எண்ணை விட்டு அந்த இரண்டாவது எண்ணையே தங்கள் படகுக்கு அளவாகக் கொள்ள வேண்டும் என்று அன்று முதல் நினைக்கிறேன்.

காலை ஏழு மணிக்குப் பிறகு புறப்பட்டோம். நானும் மாமாவும் தவிர, மாமாவின் மகனும், அனலைதீவைச் சேர்ந்த இன்னொரு இளைஞனும் இருந்தார்கள். கடற்கோட்டையைத் தாண்டும்வரை காரைநகரின் மறைவில் தண்ணீர் அடங்கியிருந்தது. அதற்கு அப்பால் வாடைக்காற்று வலப்பக்கப் பின்புறமாக வந்தது. படகு சற்று உருண்டாலும் ஓட்டம் நன்றாகவே இருந்தது. எழுவைதீவின் மறைவை விட்டு வெளியே வந்து, அனலைதீவை நோக்கித் தென்மேற்காகத் திரும்பியதும் காற்று நேர் பின்னால் வந்தது. அப்போதுதான் காரைநகர்ப் பக்கத்தில் வானம் அடியிலிருந்து கறுத்து எழுவதைப் பார்த்தேன். முதலில் மழையின் இரைச்சல் கேட்டது. அடுத்ததாகக் கடலின் நிறம் மாறியது. அதன் பின்னர்தான் காற்று வந்து முதுகில் அறைந்தது.

ஆழம் குறைந்த கடலில் காற்று எழுப்பும் அலையைப் பெருங்கடலின் அலையோடு ஒப்பிடக் கூடாது. பெருங்கடலில் அலை நீண்டது; படகு அதன் மேல் ஏறி இறங்க நேரம் கிடைக்கும். எங்கள் கடலில் அலையின் அடி தரையில் இழுபட்டு, அலைகள் ஒன்றையொன்று நெருங்கி, நிமிர்ந்து, தலை உடைந்து விழும். உயரம் நாலைந்து அடி மட்டுமே இருக்கலாம். ஆனால் ஒன்றின் மேலிருந்து படகு இறங்குவதற்கு முன்னர் அடுத்தது வந்துவிடும். அன்று மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்த அலை கடையாரின் மேலால் உள்ளே ஏறியது. சத்தமாக உடைந்து விழவில்லை. வாளியை நிரப்ப வைத்தது போல, விளிம்பின் மேலால் வழிந்து அமைதியாக உள்ளே வந்தது.

சரக்கின் மேல் படங்கு கட்டியிருந்தோம். மழைக்கு அது போதும், அலைக்குப் போதாது. படங்கின் அடியால் புகுந்த தண்ணீர், சீமெந்துப் பைகளுக்கு இடையே தங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் ஓடத் தொடங்கியது. பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை ஒரு தொன்னுக்கு மேல். ஏற்றிக் கட்டிய தொன் இருந்த இடத்தில் இருக்கும். தண்ணீர்த் தொன் படகு சாயும் பக்கத்துக்கு ஓடிப் போய் அந்தச் சாய்வைக் கூட்டும். தட்டை அடிப் படகு முதலில் உறுதியாக இருப்பது போலவே தோன்றும். உள்ளே தண்ணீர் தளம்பத் தொடங்கியதும் அந்த உறுதி ஒரேயடியாகப் போய்விடும்.

மின் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் தண்ணீர் இறைபடவில்லை. மாமாவின் மகன் படுத்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்தான். கிழிந்த மூட்டையிலிருந்து ஒழுகிய அரிசி பம்பின் வாயை அடைத்திருந்தது. அவன் அதை விரலால் வழித்தெடுக்க எடுக்க, மறுபடி அரிசியும் வெங்காயத் தோலும் வந்து மூடின. அந்தச் சிறிய பம்ப் ஒழுங்காக ஓடினாலும் நிமிடத்துக்கு 70 லீற்றருக்கு மேல் இறைக்காது. பயந்த ஒருவன் கையிலுள்ள பத்து லீற்றர் வாளி அதற்கு மேல் இறைக்கும். எங்கள் வாளி அணியத்தில், தகரக் கட்டுக்குக் கீழே, எடுக்க முடியாத இடத்தில் இருந்தது.

இதற்கிடையில் மாமா இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார். அலைக்குப் பயந்து வேகம் குறைப்பது எல்லோருக்கும் இயல்பாக வருவது; பின்னாலிருந்து அலை வரும்போது அது பிழை. வேகம் குறைந்ததும் சுக்கானுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. அலைகள் படகை எட்டிப் பிடிக்கின்றன. இரண்டாவது பெரிய அலையும் ஏறியது. நான் "திருப்புங்கோ மாமா, எழுவைதீவுக்கே திருப்புங்கோ" என்று கத்தினேன். அந்தக் குரல்தான் எங்கள் படகை இழக்கச் செய்தது என்று இன்றும் நம்புகிறேன். அணியத்தைக் காற்றுக்குக் காட்டுவது சரியான எண்ணம். ஆனால் அதைத் தண்ணீர் ஏறுவதற்கு முன்னர் செய்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறிய படகைத் திருப்பும்போது, அது பக்கவாட்டாக அலைக்கு நிற்கும் சில விநாடிகளைக் கடந்தாக வேண்டும். நாங்கள் அவற்றைக் கடக்கவில்லை. படகு பக்கம் காட்டிய கணத்தில் அலுமாரியைக் கட்டிய கயிறு அறுந்தது, அலுமாரி சரிந்தது, சிலிண்டர்கள் உருண்டன, உள்ளே நின்ற தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கத்துக்கு ஓடியது. விளிம்பு தண்ணீருக்குள் போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை.

படகு முழுவதும் கவிழாமல், பக்கமாகச் சரிந்து தாழ்ந்து, தரையில் குந்தியது. ஆழம் இரண்டு ஆளுக்குக் கிட்ட. பாய்மரத்தின் நுனி ஒரு முழத்துக்கு மேல் வெளியே நின்றது. ஐயா கழற்றாமல் விட்ட அந்த மரத்தை நானும் மாமாவும் பிடித்துக்கொண்டோம். மாமாவின் மகன் எங்களிடம் நீந்தி வந்தான். அனலைதீவு இளைஞன் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு காற்றோடு விலகிப் போனான். உயிர்காப்பு அங்கிகள் நான்கு எங்களிடம் இருந்தன. நான்கும் ஒரு பையில், பையின் வாய் கட்டியபடி, சீமெந்தோடு கீழே போயின. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

கைத்தொலைபேசிகள் நான்கில் மூன்று உடனேயே செத்தன. மாமாவின் மகன் தன்னுடையதை மேசன் ஒருவர் கொடுத்த தடித்த பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தான். அதில் ஒரே ஒரு அழைப்பு எடுத்தோம். அது அனலைதீவில் எங்களுக்காகத் துறையில் காத்துநின்ற கடைக்காரருக்கு. ஐம்பது நிமிடங்களில் மீன்பிடிப் படகுகள் இரண்டு வந்தன. மழை விட்டிருந்தபடியால் பாய்மரம் அவர்களுக்குத் தெரிந்தது. அலுமாரியோடு போன இளைஞனை அவர்கள் முதலில் எடுத்தார்கள்.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. நாங்கள் மிதந்துகொண்டிருந்த தண்ணீர் கரைந்த சீமெந்தால் சாம்பல் நிறமாக இருந்தது. ஈரச் சீமெந்து கடும் காரம் உள்ளது, தோலை எரித்துவிடும். எனக்குக் கெண்டைக் காலிலும், மாமாவின் மகனுக்குக் கைவிரல் இடுக்குகளிலும் மறுநாள் தோல் வெந்தது போல உரிந்தது. கரையேறிய உடனேயே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவியிருக்க வேண்டும். நாங்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, நனைந்த உடுப்போடு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டோம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். முதல் அலை ஏறியதற்கும் நான் திருப்பச் சொன்னதற்கும் இடையே ஐந்தாறு நிமிடங்கள் இருந்தன. அந்த நேரத்தில் கடையாரில் இருந்த சீமெந்துப் பைகளில் இருபதை எறிந்திருந்தால் ஒரு தொன் குறைந்திருக்கும். கடையார் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு நிமிர்ந்திருக்கும். எங்களில் இருவர் சும்மா நின்றோம். எறியலாம் என்ற எண்ணம் நால்வருக்கும் வந்தது என்பதைப் பின்னர் பேசியபோது அறிந்தோம். எவரும் வாய் திறக்கவில்லை. மாமா நினைத்தது: சரக்கு மருமகனுடைய பொறுப்பு, நான் எப்படிச் சொல்வது. இளைஞர்கள் நினைத்தது: பெரியவர்கள் சொல்லாமல் நாங்கள் எப்படித் தொடுவது. நான் நினைத்தது: இது இன்னாரின் வீட்டுச் சீமெந்து, அவர் கடன்பட்டு வாங்கியது, அவருடையதை எறிந்து மற்றவருடைய அரிசியைக் காப்பாற்றினால் நாளைக்கு அவருக்கு என்ன முகத்தோடு பதில் சொல்வேன். எறிந்த பொருளுக்கு யார் பொறுப்பு என்பது கரையில் தீர்க்கப்படாமல் இருந்தபடியால், கடலில் எவருக்கும் கை எழவில்லை.

கடல் வணிகத்தில் இந்தச் சிக்கல் மிகப் பழையது. படகைக் காப்பாற்றுவதற்காக ஒருவருடைய சரக்கை எறிந்தால், அந்த நட்டத்தைப் படகின் சொந்தக்காரரும், சரக்குத் தப்பிய மற்ற எல்லோரும் தங்கள் பெறுமதிக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற முறை, பண்டைய கிரேக்கத் தீவான ரோட்ஸின் பெயரோடு வழங்கி, உரோமச் சட்டத்திலும் இடம்பெற்றது. இன்றும் பெரிய கப்பல்களுக்கு அந்த முறைதான். சிறிய சரக்குப் படகுகளில் நாங்கள் எவரும் அதைப் பேசி வைத்ததில்லை. புதிய படகு ஓடத் தொடங்கியபோது, பொருள் அனுப்பும் கடைக்காரர்களையும் வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு, ஒரு பக்கக் கடதாசியில் அதை எழுதிக் கையொப்பம் வாங்கினேன். ஆபத்து நேரத்தில் எதை எறிவது என்பதைத் தண்டயல் மட்டுமே தீர்மானிப்பார். அவரை எவரும் கேள்வி கேட்க முடியாது. எறிந்த பொருளின் பெறுமதியை, தப்பிய பொருட்களின் பெறுமதிப்படி எல்லோரும் பகிர்வோம். என் படகின் பெறுமதியும் அந்தக் கணக்கில் சேரும். சிலர் முதலில் தயங்கினார்கள். கலியாண வீட்டுக்காரர்தான் முதல் கையொப்பம் வைத்தார்.

எறிவதற்கு அனுமதி இருந்தால் போதாது. எறியக்கூடியதாக அடுக்கவும் வேண்டும். பாரமானது கீழேயும் நடுவிலும் இருக்க வேண்டும் என்பது சரியான விதி. ஆனால் அப்படி வைத்ததை அவசரத்தில் எடுக்க முடியாது. இப்போது சீமெந்தின் ஒரு பகுதியை, பதினைந்து பைகளுக்குக் குறையாமல், நடுவில் மேலே எதையும் வைக்காமல், இருவர் நின்று தூக்கக்கூடிய இடைவெளி விட்டு அடுக்குகிறோம். படங்கை அந்த இடத்தில் தனித் துண்டாகக் கட்டுகிறோம். சிலிண்டர்கள் நிமிர்த்தி, ஒன்றோடொன்று கட்டப்படுகின்றன. அலுமாரி போன்ற உயர்ந்த பொருட்கள் படுக்க வைத்தே போகும். அரிசியும் மாவும் பம்புக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும்; பம்பைச் சுற்றி நுண்ணிய கம்பி வலைக் கூடு உண்டு; வாளிகள் இரண்டு தண்டயலின் கைக்கு எட்டக் கட்டியிருக்கும். உயிர்காப்பு அங்கி துறையிலேயே உடம்பில் ஏற வேண்டும். அதை மறுப்பவர் அன்று கரையில் நிற்கலாம்.

கனடாவில் இருக்கும் என் அக்காவின் மகன், எங்கள் செய்தியைக் கேட்டபின் ரொறன்ரோவிலிருந்து பேசியபோது, அங்குள்ள பேரேரிகளில் நடந்த ஒரு விபத்தைப் பற்றிச் சொன்னான். 1975 நவம்பர் 10 ஆம் திகதி, சுப்பீரியர் ஏரியில், எட்மண்ட் பிட்ஸ்ஜெரால்ட் என்ற இரும்புத்தாதுக் கப்பல் புயலில் மூழ்கி, அதிலிருந்த 29 பேரும் இறந்தார்கள். இருநூறு மீற்றருக்கு மேல் நீளமான கப்பல் ஏரியில் மூழ்குவதா என்று முதலில் எனக்கு நம்ப முடியவில்லை. விசாரணை செய்தவர்கள், சரக்கறை வாய்களை மூடும் கதவுகள் வழியாகத் தண்ணீர் புகுந்ததையே முக்கியமான காரணமாகக் கருதினார்கள். வேறு விளக்கங்களும் உண்டு. சரக்குக்கும் அலைக்கும் நடுவே உள்ள மூடி எவ்வளவு முக்கியம் என்பதை அந்தச் செய்தியில்தான் நான் முழுவதும் விளங்கிக்கொண்டேன். மாமா இதைக் கேட்டுவிட்டு, வல்வெட்டித்துறையில் கட்டி, 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறை வரை பாய் விரித்துப் போன அன்னபூரணியை நினைவூட்டினார். அது மேல்தட்டு மூடிய கப்பல். எங்களுடையது வாய் திறந்த படகு என்றார். புதிய படகின் கடையாரில் ஆறடி நீளத்துக்குப் பலகைத் தட்டு அடித்து, தண்ணீர் வெளியே வடிவதற்கு இரு பக்கமும் துவாரம் வைத்திருக்கிறோம். அந்த ஆறடியில் ஏற்றக்கூடிய சரக்கு குறைந்தது. அதற்காக ஒருநாளும் நான் வருந்தவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படகுக்கு ஒரு காப்புறுதி இருந்தது, சரக்குக்கு இல்லை. ஏற்றிய அளவு பத்திரத்தில் உள்ள அளவுக்கு மேற்பட்டதால் படகுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு இடமில்லை. சரக்குக்காரர்களுக்கு நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிக்க இரண்டரை வருடம் சென்றது. ஏற்றும்போது பட்டியல் எழுதாத காரணத்தால் யாருக்கு எவ்வளவு என்பதில் மனத்தாங்கல்களும் வந்தன. இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பட்டியல் எழுதி, கைத்தொலைபேசியில் படம் எடுத்து, கரையில் ஒருவருக்கு அனுப்பிவிட்டே கயிறு அவிழ்க்கிறோம். புறப்பட்ட நேரமும் ஆட்களின் எண்ணிக்கையும் அதில் இருக்கும். சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் தாண்டினால் அவர் முதலில் போய்ச்சேரும் துறைக்கும், பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழைப்பார்.

கடல் அடங்கிய பிறகு, வெறும் எண்ணெய்ப் பரல்களைக் கட்டிப் படகைத் தூக்கினோம். ஒரு 200 லீற்றர் பரல் தண்ணீருக்கடியில் ஏறக்குறைய 180 கிலோவைத் தூக்கும், பன்னிரண்டு கட்டினோம். எழும்பி வந்த படகு பார்க்கக்கூடியதாக இல்லை. சரிந்த பக்கத்தில் அடிமரமான ஏராக்கட்டை பிளந்து, பலகைகள் வங்கை விட்டுக் கழன்று நின்றன. இயந்திரத்தை மட்டும் கழுவி விற்றோம். பாய்மரத்தை நான் கொடுக்கவில்லை. அது புதிய படகில் நிற்கிறது. சீமெந்துப் பைகள் பையின் வடிவத்திலேயே கல்லாக இறுகியிருந்தன. கடதாசி கரைந்துபோன பிறகும் அதன் மடிப்புகள், கட்டிய கயிற்றின் முறுக்கு, ஒரு பையின் மேல் யாரோ மிதித்த பாதத்தின் வளைவு எல்லாம் அப்படியே பதிந்திருந்தன. மாமா அவற்றில் நான்கைந்தைத் துறைக்குப் பக்கத்தில் கொண்டு வந்து போடச் சொன்னார்.

மாமா அதற்குப் பிறகு சுக்கான் பிடிக்கவில்லை. இப்போது அவருடைய மகன்தான் தண்டயல். ஆனால் ஏற்றுகிற நாளெல்லாம் விடிய முன்னரே வந்து, அந்தக் கற்களில் ஒன்றின் மேல் இருந்துகொள்வார். புதிய படகின் இரு பக்கத்திலும், கடையாரிலும் அணியத்திலும், நான்கு தொன்னுக்குரிய மட்டத்தில் வெள்ளைக் கோடு அடித்திருக்கிறோம். லொறி வந்து நின்றதும் நான் பட்டியலை எடுக்கிறேன், அவர் அங்கிருந்தபடியே, "தம்பி, கோடு தெரியுதோ?" என்று கேட்கிறார். தெரிகிறது என்று நான் சொன்னாலும் எழும்பி வந்து, குனிந்து, கடையாரில் கையை விரித்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போய் இருக்கிறார்.